அப்பத்தாவுக்கு மட்டும் ஏன் எப்பவும் நேத்து வச்ச குழம்பு?

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரமுடியலை. செமஸ்டர் ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் இந்தப் பதிவு.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு எங்க அப்பத்தாவை ஆட்டோவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சாயந்தரம் அஞ்சு மணியிலிருந்தே வாந்தி, வயித்தால போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. "எல்லாரும் அலுத்து வர்ற நேரம், எதுக்குத் தொந்தரவு"ன்னு பேசாம படுத்திருக்கு. ராத்திரி பாத்ரூம் வாசலில் தலை சுற்றி உட்கார்ந்ததை அம்மா பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். மூணு நாள் ஆஸ்பத்திரி. முதல் ராத்திரி மட்டும் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது.

டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பாட்டி கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

ஞாயித்துக்கிழமை மதியம் வச்ச கோழிக்குழம்பும், அன்னைக்கு வடிச்ச சோறும்.

ரெண்டாவது கேள்வி: "அது எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மதியம் ஒரு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கியது. "சூடா ஃப்ரிட்ஜில வச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிரும்"னு அப்படியே மேடையில் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஃப்ரிட்ஜுக்குள் போனது. எட்டு மணி நேரம். திங்கட்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லை. அப்பத்தா அதை எடுத்து, லேசாக வெதுவெதுப்பாக்கி, சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டது.

அந்தக் குழம்புதான் காரணம் என்று டெஸ்ட் பண்ணாமல் அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நியாயம்தான். ஆனால் அதே குழம்பை ஞாயித்துக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிட்ட எங்க நாலு பேருக்கும் ஒண்ணுமே ஆகவில்லை.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் குழம்பு மிச்சமானதற்குக் காரணமே நான்தான். ஞாயிறு ராத்திரி வீட்டில் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, பசங்களோடு பரோட்டாக் கடைக்குப் போய்விட்டேன். அப்பத்தா திங்கட்கிழமை சாப்பிட்டது என் பங்கு.

இந்தக் குற்ற உணர்ச்சியில் நெட்டில் தேடித் தேடிப் படித்ததுதான் கீழே இருப்பது. எங்க கிளாஸ்மேட்ஸில் பாதிப் பேர் வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். படிச்சிருங்க மக்கா.

மோந்து பார்த்தா தெரியாதா?

தெரியாது. இதுதான் நான் கத்துக்கிட்ட முதல் பாடம்.

நம்ம வீடுகளில் ஒரு சாப்பாடு கெட்டுப்போச்சா இல்லையா என்று தீர்மானிப்பது மூக்குதான். ஊசிப்போன வாடை, சோறு நூல் விடுறது, குழம்பு மேல நுரை கட்டுறது, இதெல்லாம் பார்த்துத்தான் கொட்டுவோம். ஆனால் சாப்பாட்டை ஊச வைக்கும் கிருமிகள் வேறு, நம்மைப் படுக்க வைக்கும் கிருமிகள் வேறு. ரெண்டாவது வகை பல சமயம் வாடை, நிறம், ருசி எதையும் மாற்றுவதே இல்லை. நல்ல மூக்கு உள்ளவனுக்கே இந்த நிலைமை. வயசானவங்களுக்கு மூக்கும் நாக்கும் மங்கிவிடும். எங்க அப்பத்தா காலையில் பால் தீய்ந்ததே தெரியாமல் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த மூக்கை நம்பித்தான் நாங்கள் மதியச் சாப்பாட்டை ஒப்படைத்திருந்தோம்.

கணக்கு ஒண்ணு போடுவோம். தோதான வெப்பத்தில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். ஒண்ணு ஒரு மணி நேரத்தில் எட்டு. ரெண்டு மணி நேரத்தில் 64. எட்டு மணி நேரத்தில்? ரெண்டின் அடுக்கு 24. அதாவது 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம். நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக நடக்காது என்றாலும், போகிற திசை இதுதான். அந்தத் தோதான வெப்பம் எது என்றால், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். அதாவது மதுரையில் உள்ள எந்தச் சமையல் மேடையும்!

அதனால்தான் சமைத்த சாப்பாட்டை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதே என்கிறார்கள். அமெரிக்க விவசாயத் துறை இன்னும் ஒரு படி மேலே போய், வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கெடு என்கிறது. நம்ம ஊரில் பெரும்பாலான மதியங்கள் 32 டிகிரியைத் தாண்டிவிடும். அவர்களுக்கு விதிவிலக்காக இருப்பது நமக்கு அன்றாடம்.

திரும்ப சுட வச்சா சரியாப் போயிராதா?

பாதி சரி. பாதி தப்பு. அந்தத் தப்புப் பாதிதான் ஆபத்து.

சோற்றில் வருகிற ஒரு பாக்டீரியா இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். (நெஜமாவே சீரியஸான ஆள்தான்!) அரிசியிலேயே அதன் வித்துகள் இருக்கும். உலை கொதிக்கும்போது கூட அந்த வித்துகள் சாகாது. சோறு வடித்து, ஆறி, வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, ஒரு நச்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நச்சு 121 டிகிரி வெப்பத்தைக் கூடத் தாக்குப்பிடிக்கும். நம்ம குக்கரே அந்த அளவுக்குத்தான் போகும். 1970களில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தபோதுதான் இது பெரிதாக வெளியே தெரிந்தது. முதல் நாளே சோறு வடித்து வெளியில் வைத்து, மறுநாள் வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கை, மூக்கு வழியாகச் சாப்பாட்டில் சேரும் ஸ்டஃபைலோகாக்கஸ் கதையும் இதேதான். சூடு பண்ணினால் பாக்டீரியா சாகும், அது விட்டுப்போன நச்சு சாகாது.

கறிக்குழம்புக்கு வேறொரு ஆள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். பெரிய அண்டாவில் கறி சமைத்து மெதுவாக ஆறவிட்டால் இதற்குக் கொண்டாட்டம். கல்யாண வீடு, கெடா வெட்டு மாதிரி இடங்களுக்குப் பொருத்தமான கிருமி. இதைத் தளதளன்னு கொதிக்க வைத்தால் கொல்லலாம். ஆனால் அப்பத்தா கொதிக்க வைக்கவில்லையே, வெதுவெதுப்பாக்கியது. வெதுவெதுப்பு என்பது கிருமிக்கு இன்னொரு ரவுண்டு விருந்து.

ஆக, திரும்பச் சூடு பண்ணுவது ஒழுங்காக வைத்திருந்த சாப்பாட்டைப் பத்திரமாக்கும். ஒழுங்காக வைக்காத சாப்பாட்டை மன்னிக்காது.

ஏன் அவங்களை மட்டும் தாக்குது?

நம்ம வயிற்றில் இருக்கிற அமிலம்தான் முதல் காவல்காரன். வயசாக ஆக பலருக்கு அது குறைந்துபோகும். போதாக்குறைக்கு காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரை (பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல் வகையறா) மிச்சமிருக்கும் அமிலத்தையும் குறைக்கும். அந்த மாத்திரையைத் தப்பு சொல்லவில்லை, தேவைப்படுகிறவர்களுக்குத் தேவைதான். ஆனால் காவல்காரன் இல்லாத வீட்டில் கதவையாவது பூட்டி வைக்கணும் இல்லையா?

அடுத்தது, நோய் எதிர்ப்பு சக்தி. அதுவும் நம்மளோடது மாதிரி வேகமாக வேலை செய்யாது.

மூணாவதுதான் எனக்குப் பயமே கொடுத்தது. நமக்கு நாலு தடவை வயித்தால போனால் கல்லூரிக்கு லீவ் போட்டு மோர் குடித்துப் படுப்போம். அவங்களுக்கு உடம்பில் இருக்கும் தண்ணீர் ஏற்கெனவே குறைவு, தாகமும் சரியாக எடுக்காது. பிரஷருக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகள் வேறு நீரைப் பிரித்து வெளியே தள்ளும். தண்ணீரும் உப்பும் இறங்க இறங்க தலை சுற்றல், கீழே விழுதல், இடுப்பெலும்பு முறிவு, சிறுநீரகப் பாதிப்பு என்று எங்கேயோ போய் நிற்கும். அப்பத்தா பாத்ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டது. விழுந்திருந்தால்?

இனிமேதான் என் கருத்து

இதுவரை சொன்னது எல்லாம் எங்கேயும் கிடைக்கிற தகவல். எனக்கு உறுத்துவது வேறு.

நம்ம வீடுகளில் மிச்சச் சாப்பாடு யார் தட்டுக்குப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு வாரம் சும்மா பாருங்கள். சூடான சோறு அப்பாவுக்கு, எனக்கு, தங்கச்சிக்கு. நேற்று வைத்தது அப்பத்தாவுக்கு, அதிலும் மீந்தால் அம்மாவுக்கு. யாரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை இது. அம்மா அப்பத்தாவைக் கொடுமைப்படுத்தவும் இல்லை. "அத்தை, உங்களுக்குப் புதுசா வடிக்கட்டுமா?"ன்னு அம்மா கேட்கத்தான் செய்யும். "எதுக்கு தாயி, இது கெடக்குல்ல, வீணாப் போயிரும்"னு அப்பத்தாதான் தடுக்கும். கேட்டாச்சு, வேண்டாம்னு சொல்லியாச்சு, எல்லார் மனசாட்சியும் சுத்தம்.

என் வாதம் இதுதான். அந்த வீட்டில் கெட்டுப்போன சாப்பாட்டைத் தாங்கும் சக்தி யாருக்கு மிகக் குறைவோ, அவர் தட்டில்தான் அது போய் விழுகிறது. இருபது வயசுத் தடியன் எனக்கு அது ஒரு நாள் லீவ். அவங்களுக்கு அது ஒரு ஆட்டோ, ரெண்டு பாட்டில், மூணு நாள். மிச்சத்தை யாராவது சாப்பிட்டே ஆகணும் என்றால் அது நாமாகத்தான் இருக்கணும். வரிசையைத் திருப்பிப் போடணும்.

"அவங்களுக்குப் பழகிப்போச்சு, ஒண்ணும் செய்யாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்க சித்தப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னார். பழகியது அந்தக் காலத்து உடம்புக்கு. இப்போது இருப்பது அந்த உடம்பு இல்லை.

அதே சமயம், "ஏன் அப்பத்தா இதையெல்லாம் திங்கிற, கீழ கொட்ட வேண்டியதுதானே"ன்னு சத்தம் போடுகிறவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. (நானும் முதல் நாள் சத்தம் போட்டேன்.) 1965-ல் பிரதமர் சாஸ்திரி நாட்டு மக்களை வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார். 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே பெரிய பேச்சு. அப்பத்தா கல்யாணமாகி வந்த காலம் அது. அரிசிக்கு வரிசையில் நின்ற கைக்குச் சோற்றைக் கொட்ட வராது. அதை அறியாமை என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. நாம் ஹாஸ்டல் மெஸ்ஸில் கொட்டுவதை அவங்க பார்த்தால் நம்மைத்தான் அறிவு கெட்டவன் என்பார்கள்.

பழைய ஆட்கள் முட்டாள்கள் இல்லை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பத்தாவிடம் அந்தக் காலத்தில் மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"மிச்சமா? பதினாலு பேரு திங்கிற வீட்டுல எங்கய்யா மிச்சம்? கறிக்குழம்பு வச்சா சட்டிய வழிச்சுத் துடைச்சிருவாய்ங்க. ராத்திரி சோறு கெடந்தா தண்ணிய ஊத்தி வப்போம். குழம்ப சும்மா வைக்க மாட்டோம், சுண்ட வப்போம்."

யோசித்துப் பார்த்தால் ரெண்டிலுமே சரக்கு இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய சோறு ராத்திரி புளிக்கும். லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, அந்தப் புளிப்பு மற்ற பல கிருமிகளை வளரவிடாமல் தடுக்கும். சோற்றைச் சும்மா மேடையில் போட்டு வைப்பதும் அதுவும் ஒன்றில்லை. சுண்டக்குழம்பு என்பது கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி, புளியும் உப்பும் கெட்டியாகி நிற்பது. இதெல்லாம் நூறு சதவீதம் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது.

ஃப்ரிட்ஜ் வந்ததும் அந்த ஒழுங்கு போய்விட்டது. குடும்பம் சின்னதாச்சு, சட்டி மட்டும் சின்னதாகலை. ஞாயித்துக்கிழமைக் குழம்பு புதன்கிழமை வரை வர ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லும் பெட்டி என்று நினைத்துக்கொண்டோம். அது கிருமியைத் தூங்க வைக்கும் பெட்டி, அவ்வளவுதான். லிஸ்டீரியா என்று ஒன்று அந்தக் குளிரில் தூங்கக்கூடச் செய்யாது, மெதுவாக வளரும். அது அதிகம் பாதிப்பதும் வயசானவர்களையும் கர்ப்பிணிகளையும்தான். அந்த லட்சணத்தில் சில வீடுகளில் கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணி வைக்கிறார்கள்!

எங்க வீட்டில் இப்போது என்ன செய்கிறோம்

ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை உடனே சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரிக்கிறோம். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்தால் அரை மணியில் சூடு போய்விடுகிறது. நேராக ஃப்ரிட்ஜுக்கு. கொஞ்சம் இளஞ்சூடாக உள்ளே போனால் ஃப்ரிட்ஜ் செத்துப்போகாது. பெரிய சட்டியைக் கொதிக்கக் கொதிக்க வைப்பதுதான் தப்பு.

ரெண்டு. சூடு பண்ணினால் நன்றாக. குழம்பு, ரசம் எல்லாம் நடுவிலும் கொப்பளித்துக் கொதிக்கணும். நூலில் சொல்கிற கணக்கு 74 டிகிரி, அதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. சோறு என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, முழுசாக ஆவி வரும் வரை. மைக்ரோவேவ் இருக்கிறவர்கள் நடுவில் ஒரு தடவை கிளறிவிடுங்கள், ஓரம் கொதிக்கும்போது நடு ஜில்லென்று இருக்கும். அப்பத்தாவுக்குச் சூடாகச் சாப்பிட முடியாது, பல் கூசும். அதனால் கொதிக்க வைத்து, தட்டில் போட்டு, ஆறவைத்துச் சாப்பிடுகிறது. கிருமிக்குச் சூடு, வாய்க்கு ஆறல்.

மூணு. தேவையான அளவு மட்டும் எடுத்து, ஒரு தடவைதான் சூடு பண்ணுவது. பிரிட்டனின் உணவுத் தர முகமை மிச்சச் சாப்பாட்டுக்கு ரெண்டு நாள், சோற்றுக்கு ஒரு நாள் என்று கெடு வைக்கிறது. நாங்கள் அப்பத்தாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே நாள் என்று வைத்துவிட்டோம். ஞாபகம் வைக்கச் சுலபம்.

நாலு. ஹாட் பாக்ஸில் காலையில் வைத்த சோற்றை மதியம் ரெண்டு மணிக்குத் தின்பதை நிறுத்திவிட்டோம். தொட்டால் கை சுடாத ஹாட் பாக்ஸ், கிருமிக்கு ஏ.சி. ரூம் மாதிரி.

அஞ்சாவது அப்பத்தா கண்டுபிடித்தது. டப்பா மேல் தேதி எழுதி ஒட்டினேன். "எனக்குப் படிக்கவா தெரியும், கண்ணும் தெரியல"ன்னு சொல்லிவிட்டு, பச்சை மூடி போட்ட டப்பா இன்னைக்கு, சிவப்பு மூடி நேத்து என்று அதுவே பிரித்துக்கொண்டது. ராத்திரி பத்து மணிக்கு சிவப்பு மூடியில் எது இருந்தாலும் தெருமுனை நாய்க்கு. "நாயி திங்குதுல்ல, அப்ப வீணாப் போகல" என்று ஒரு சமாதானம். மனசு ஆறுதுன்னா சரிதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, அளந்து வடிப்பது. காலையிலேயே யார் யார் ராத்திரி வீட்டில் சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிடணும். சொன்னால் வந்து சாப்பிடணும். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. பசங்களா, அடுத்த தடவை பரோட்டாவுக்குக் கூப்பிட்டால் மதியமே கூப்பிடுங்கடா, வீட்டுல சொல்லணும்.

தனியாக ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளைப் பற்றி யோசித்தால் இன்னும் கலக்கமாக இருக்கிறது. "ஒத்த ஆளுக்கு எதுக்குத் தினம் அடுப்பு மூட்டணும்"னு ரெண்டு நாளைக்குச் சேர்த்து வைக்கிறவர்கள் அவர்கள்தான். அடுத்த தடவை போன் பண்ணும்போது "சாப்டியா"ன்னு மட்டும் கேட்காமல், "என்ன சாப்ட, எப்ப வச்சது"ன்னும் கேளுங்கள். வாந்தி, வயித்தால என்றால் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். தலை சுற்றல், பேச்சில் குழப்பம், ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது, ரத்தம் கலந்து போவது, இதில் எது இருந்தாலும் உடனே.

நேற்று மதியம் கிளாஸ் இல்லை, வீட்டில் இருந்தேன். அப்பத்தா எனக்குச் சுடுசோறு போட்டுவிட்டு, சிவப்பு மூடி டப்பாவைத் தன் பக்கம் இழுத்தது. நான் அதை வாங்கி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு என் தட்டில் ஊற்றிக்கொண்டு, சுடுசோற்றை அதன் பக்கம் தள்ளினேன்.

"ஆம்பளப் புள்ள பழசத் திங்குறதாய்யா?" என்றது.

"திங்கலாம் அப்பத்தா. உன்ன விட எனக்கு வயிறு கெட்டி."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. பிறகு சுடுசோற்றைப் பிசைந்து ஆறவைத்துக்கொண்டே, "ஆறட்டும்"னு மட்டும் சொன்னது.

உங்கள் வீட்டில் நேற்றுக் குழம்பு யார் தட்டுக்குப் போகிறது? இன்று ராத்திரி பாருங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மெக்கானிக்கல் படிக்கிற பையன். இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை அவர்களுடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.